வேதாரண்யம் வட்டத்து ஊராட்சி ஒன்றின் பேரிடர்த் திட்டம்: "புயல் – அதிகம்" என்று குறித்தால் போதுமா?

அடப்பாற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வேதாரண்யம் வட்டத்தில் உள்ள எங்கள் ஊராட்சிக்கு, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்பாகப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் ஒன்றை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி ஆசிரியை என்பதாலும் வீட்டில் கணினி இருப்பதாலும் அந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. வந்திருக்கும் படிவத்தில் புயல், வெள்ளம், ஆழிப்பேரலை, நிலநடுக்கம், வறட்சி, தீ என்று வரிசையாக அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதிகம், நடுத்தரம், குறைவு என மூன்று கட்டங்கள் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் மட்டும் டிக் அடிக்க வேண்டும்.

எங்கள் ஊராட்சியில் மூன்று குடியிருப்புகள் உள்ளன. மேலத்தெரு மணல்மேட்டில், தென்னைக்கும் மாமரத்துக்கும் நடுவே இருக்கிறது. வயல்தெரு அதன் பெயருக்கேற்ப நெல்வயலை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கிறது. உப்பளத்தெருவிலிருந்து கடலுக்கு நடந்தே போய்விடலாம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது மூன்று தெருவும் அடிபட்டன. ஆனால் ஒரு தெருவின் இழப்பைப் போல மற்றொன்றின் இழப்பு இருக்கவில்லை. மூன்றுக்கும் சேர்த்து ஒரே டிக் எப்படி அடிப்பது? அந்த இரவைப் பார்த்தவர்களும் அரசுப் பணியில் இருந்தவர்களும் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

---

மணல்மேடு

டீச்சர், நான் "புலம்" என்று முடியும் ஊர்களில் ஒன்றைச் சேர்ந்தவன். ஆயக்காரன்புலம், கத்தரிப்புலம், குரவப்புலம் என்று நம் வட்டத்தில் இந்தப் பெயர் அடுக்கடுக்காக வரும். மணற்பாங்கான மேட்டு நிலத்தில் அமைந்த ஊர்கள் இவை. மழைத் தண்ணீர் எங்கள் தெருவில் ஒரு நாள் நிற்காது. அதனால்தான் எங்களுக்கு எதுவும் வராது என்று தலைமுறை தலைமுறையாக நம்பிக்கொண்டிருந்தோம். கஜா அந்த நம்பிக்கையைக் காற்றால் முறித்தது.

அந்த இரவில் முதலில் வடக்கிலிருந்து அடித்தது. ஓடுகள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்து விழும் சத்தத்தை எண்ணிக்கொண்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தோம். பிறகு, யாரோ விசையை அணைத்தது போலக் காற்று நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் டார்ச் விளக்கோடு வெளியே வந்து, முடிந்துவிட்டது என்று குரல் கொடுத்தார். மாட்டைப் பார்க்கச் சிலர் தோப்புக்கே போய்விட்டார்கள். அவர்கள் திரும்புவதற்குள் தெற்கிலிருந்து தொடங்கியது. வடகாற்றில் ஒரு பக்கம் வேர் தளர்ந்து நின்ற தென்னைகள் இப்போது எதிர்த்திசையில் சாய்ந்தன. விடிந்தபோது எங்கள் தோப்பில் தென்னைகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. என் தாத்தா வைத்த மாமரம் பாய் சுருட்டியது போல மணலையும் தூக்கிக்கொண்டு வேரோடு சாய்ந்திருந்தது. அது விட்டுப்போன குழிக்குள் எங்கள் கன்றுக்குட்டி உயிரோடு நின்றுகொண்டிருந்தது.

ஆகவே உங்கள் திட்டத்தில் மேலத்தெருவுக்கு என்று தனியாக எழுதுங்கள்: காற்று திடீரென்று நின்றால் அது புயலின் கண். மறுகாற்று அடித்து ஓயும் வரை யாரும் வாசற்படியைத் தாண்டக் கூடாது. மாடுகளை முன்மாலையிலேயே கயிற்றை அவிழ்த்து, மரமும் கொட்டகையும் இல்லாத திறந்த வெளியில் விட்டுவிட வேண்டும். கட்டிப்போட்ட மாடுகள்தான் எங்கள் ஊரில் செத்தன.

---

வெளியூர்வாசி

இதைச் சொன்னால் கோபம் வரலாம், ஆனாலும் சொல்கிறேன். 1952இல் ஒன்று, 1977இல் ஒன்று, அதன் பிறகு 2018இல் ஒன்று. இடையில் 25 ஆண்டுகள், 41 ஆண்டுகள். நம் பகுதியில் பெரும்புயல் என்பது ஓர் ஆளின் வாழ்நாளில் ஓரிரு முறை நடப்பது. அதற்காக ஆண்டுதோறும் படிவம் நிரப்பி, ஒத்திகை நடத்தி, மக்களை அலைக்கழிப்பது காகித வேலையாகத்தான் முடியும். அந்தப் பணத்தில் ஓலைக்கூரை வீடுகளைக் காங்கிரீட் வீடாக மாற்றிக் கொடுத்தால் போதும்.

---

பழைய அடங்கல்

தம்பி வெளியூர்வாசி, காங்கிரீட் வீடு பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை. கணக்கைத்தான் மறுக்கிறேன். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நிவாரணப் பட்டியல் எழுதியே கை தேய்ந்தது.

நீங்கள் எண்ணியவை நம் தலைக்கு மேலேயோ மிக அருகிலோ கரை கடந்த புயல்கள் மட்டும். 1955இல் ராஜாமடம் பக்கம் கடந்த புயல் பழைய தஞ்சை மாவட்டத்தையே புரட்டிப் போட்டது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்தது புயலே அல்ல. அப்போதைய பிரிக்கப்படாத நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். 2008 நவம்பரில் நிஷா காரைக்கால் பக்கம் கரை ஏறியது. காற்று பெரிதாக இல்லை, ஆனால் டெல்டா முழுவதும் சம்பாப் பயிர் தண்ணீருக்குள் கிடந்தது. 2020 டிசம்பரில் புரெவி இன்னும் வேடிக்கை. மன்னார் வளைகுடாப் பக்கம் வலுவிழந்து, நகராமல் ஓரிடத்தில் நின்றுகொண்டு, நம் பக்கத்தில் மழையைக் கொட்டியது. புயல் வலுவிழந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னதைக் கேட்டு நிம்மதியாகப் படுத்தவர்கள் காலையில் வயலைத் தேடினார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் இடைவெளி 41 ஆண்டுகள் என்று வராது. கண் நம்மூரைக் கடப்பது அரிது. ஆனால் அதன் வால் பட்டே நாம் பாதி முறை நனைந்திருக்கிறோம்.

---

வாடைக்காற்று

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் ஆறுகாட்டுத்துறைக்காரன், கடல் தொழில். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணை வெப்பமானி போலப் படிப்பதை எல்லா ஊரிலும் பார்க்கிறேன். எட்டாம் எண் என்றால் கொஞ்சம் பயம், ஒன்பது என்றால் அதற்கு மேல், பத்து என்றால் உச்சம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்றும் ஒரே வலிமையுள்ள கடும்புயலுக்கானவை. புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடந்தால் எட்டு. வலப்பக்கம் விட்டுக் கடந்தால் ஒன்பது. துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் பத்து. ஐந்து, ஆறு, ஏழு ஆகியவையும் வலிமை குறைந்த புயலுக்கு இதே முறையில் அமைந்தவை. பதினொன்று என்பது வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்பதற்கு.

நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், நம் கடலில் சுழற்காற்று இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. மேற்கு நோக்கி வரும் புயல் நமக்குத் தெற்கே கரை கடந்தால், நாம் அதன் வலப்பக்கம். காற்று கடலிலிருந்து தரைக்கு அடிக்கும், தண்ணீரையும் தள்ளிக்கொண்டு வரும். வடக்கே கடந்தால், காற்று தரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். படகுக்கு ஆபத்து, ஆனால் ஊருக்குள் கடல் ஏறுவது குறைவு. ஆகவே எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்பதாம் எண் எட்டைவிடக் கொடியது. எண் பெரியது என்பதற்காக அல்ல, திசைக்காக.

---

அடப்பாற்றங்கரை

மிக்க நன்றி. பத்து ஆண்டுகளாக மாணவர்களுக்கு நானே இதைத் தவறாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வயல்தெருவைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே?

---

வடிகால்

நீர்வளப் பணியில் பல ஆண்டுகள் கடைமடையில் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

வயல்தெருவுக்கான ஆபத்தைப் புயல் என்றோ வெள்ளம் என்றோ பிரித்துப் பார்க்க முடியாது. அதைத் "தண்ணீர் வெளியேற முடியாமை" என்று எழுதலாம். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் அதை அதிகனமழை என்கிறது. ஒரு ஹெக்டேரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்பது ஒரு லட்சம் லிட்டர். எனவே 20 சென்டிமீட்டர் என்றால் ஹெக்டேருக்கு 20 லட்சம் லிட்டர். நம் மழையோடு மேலே தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்து வயல்களில் வடியும் தண்ணீரும் அரிச்சந்திரா நதி, அடப்பாறு, முள்ளியாறு வழியாக நம்மிடம்தான் வந்து சேர்கிறது. நிலமோ கிட்டத்தட்டச் சமதளம். கடல் மட்டம் தாழ்ந்திருக்கும் நேரத்தில்தான் வடிகால் வடியும். ஓதம் (கடல் ஏற்றம்) ஏறியிருந்தால் இயக்கணையின் (கடல்நீர் உள்ளே வராமல் தடுக்கும் கதவணையின்) அடைப்பைத் திறப்பது கடலை உள்ளே அழைப்பதாகிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் புயல் வந்து, அதே நேரத்தில் காற்றும் கடலைத் தரைப்பக்கம் தள்ளினால், மழை நின்று நாள்கணக்கான பிறகும் வயலில் மட்டம் குறையாது.

இதில் உங்கள் ஊராட்சியின் கையில் உள்ளது ஒன்றுதான்: வாய்க்கால். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்த வடிகால் வரைபடத்தில் மட்டுமே வடிகால். செப்டம்பர் மாதத்தில் ஒரு நாள் காலை மூன்று பேர் நடந்து போய், எந்தக் குமிழியின் (சிறு மதகின்) வாய் மண்மூடிக் கிடக்கிறது, எந்தச் சாலைப் பாலத்துக்கு அடியில் கட்டடக் கழிவு கொட்டியிருக்கிறது என்று எழுதிக்கொண்டு வந்தாலே உங்கள் திட்டத்தின் பாதி முடிந்தது. அடைப்புப் பலகையைத் தூக்கும் சாவி யாரிடம் இருக்கிறது, அவருடைய அலைபேசி எண் என்ன என்பதையும் எழுதுங்கள். அந்த எண்ணை நள்ளிரவில் தேடிய அனுபவம் எனக்கு உண்டு.

உப்பளத்தெருவுக்கு ஒரு குறிப்பு. கோடியக்கரை முனையில் கரை திரும்புகிறது. வடக்கே அது கிழக்கு நோக்கியும், மேற்கே தெற்கு நோக்கியும் இருக்கிறது. எனவே கண் கடந்த பிறகு வரும் தெற்குக் காற்று பாக் நீரிணையின் தண்ணீரை உப்பளப் பக்கமாகத் தள்ளக்கூடியது. கஜாவுக்குப் பின் அந்தப் பகுதியில் படிந்த கடற்சேற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவினர் முதல் காற்று ஓய்ந்ததும் வீடு திரும்பலாம் என்று ஒருபோதும் நினைக்கக் கூடாது.

---

உப்பளத்து மகள்

சாவி என்றதும் எழுதத் தோன்றியது. கஜாவுக்கு முந்தைய மாலையில் எங்கள் தெருவினர் சாக்குப் பைகளோடும் குழந்தைகளோடும் தங்க வேண்டிய கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் திருமண நிகழ்ச்சிக்காகத் திருத்துறைப்பூண்டி போயிருந்தார். இரண்டு மணி நேரம் தூறலில் தாழ்வாரத்தில் நின்றோம். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியும் எங்களோடு நின்றாள். ஐந்து வீட்டுக்காரர்கள் பொறுமை இழந்து திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் பிழைத்தது அவர்கள் செய்த புண்ணியம்.

---

செவிலி

அந்தப் பெண்ணைப் போன்றவர்களுக்காகவே இந்தப் பதிவு. அடுத்த மூன்று வாரங்களுக்குள் பிரசவத் தேதி உள்ளவர்கள், இன்சுலின் போடுபவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், படுக்கையில் இருப்பவர்கள் ஆகியோரின் பெயர்களை ஒரே தாளில் எழுதி, அக்டோபரிலிருந்து மாதத்துக்கு ஒரு முறை திருத்தி வையுங்கள். கர்ப்பிணிகளை எச்சரிக்கை வந்த அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட வேண்டும். மரம் விழுந்த சாலையில் ஆம்புலன்ஸ் வராது.

---

வெளியூர்வாசி

ஐயாவின் கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எச்சரிக்கை வந்து, மக்களும் ஓடி, ஒன்றும் நடக்காமல் போனால் அடுத்த முறை யார் கேட்பார்கள்? 2012 ஏப்ரலில் ஆழிப்பேரலை எச்சரிக்கை வந்தபோது கடற்கரை ஊர்களில் மக்கள் ஓடினார்கள். கடல் பேசாமல் இருந்தது.

---

வாடைக்காற்று

நானும் அன்று ஓடியவன்தான், அண்ணன். 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கம் 8.6 அளவுடையது, பயப்பட வேண்டிய அளவு. ஆனால் அங்கே கடற்படுகைப் பாறைகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தன, மேலெழும்பவில்லை. எனவே பெரிய அலை எழவில்லை. 2004இல் படுகையே மேலெழும்பியது. நிலம் அதிர்ந்த முதல் சில நிமிடங்களில் இந்த வேறுபாட்டை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

2004இல் நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29க்கு, நாகைக் கரையில் அலை ஏறும்போது ஒன்பது மணியை நெருங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தும் நமக்குச் சொல்ல ஆள் இல்லை. 2007 அக்டோபர் முதல் ஹைதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இயங்குகிறது. இப்போது சொல்ல ஆள் இருக்கிறது. பத்து முறை வீணாக ஓடி, மணல்மேட்டில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புவதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் எச்சரிக்கைக்குக்கூடக் காத்திருக்கக் கூடாது. 2004இல் அப்படி மீன் பொறுக்கப் போனவர்கள் திரும்பவில்லை.

---

பழைய அடங்கல்

எல்லோரும் அந்த ஓர் இரவைப் பற்றியே பேசுகிறோம். என் அனுபவத்தில் அதற்குப் பிந்தைய நாட்கள்தான் குடும்பங்களை முறித்தன. கஜாவில் மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சேதமடைந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. கைப்பம்பை நாம் எப்போதோ மறந்துவிட்டோம். வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து தொட்டியை நிரப்ப ஊர்ப்பணம் வசூலித்தோம். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, தொட்டி மோட்டாருக்கு ஏற்ற திறன் அந்த ஜெனரேட்டருக்கு இல்லை என்று. டீச்சர், உங்கள் ஊர் மோட்டார் எத்தனை குதிரைத்திறன், அது மும்முனையா ஒருமுனையா என்று இன்றே பார்த்துத் திட்டத்தில் எழுதிவிடுங்கள்.

அடுத்தது ஆவணம். பயிர்ச்சேதம் 33 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால்தான் நிவாரணக் கணக்கில் வரும். அதை நிறுவ, யார் எதைப் பயிரிட்டார் என்று எழுதும் கிராமக் கணக்கான அடங்கலில் பயிர் ஏறியிருக்க வேண்டும். குத்தகை நிலத்தில் பயிரிடுபவர் பெயர் அடங்கலில் இல்லாமல், நிலத்துக்காரர் பெயரில் பணம் போன கதை ஊருக்கு ஒன்று உண்டு. பட்டா, சிட்டா, குடும்ப அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம் ஆகியவற்றைப் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். மாடு இறந்தால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தரும் முன் புதைத்துவிடாதீர்கள். குறைந்தது காதுவில்லை தெரியும்படி படமாவது எடுத்துவிடுங்கள்.

---

மணல்மேடு

ஐயா நிவாரணத்தைத் தொட்டதால் தென்னையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கஜாவுக்குப் பிறகு அரசு விழுந்த மரத்துக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. மரத்தை அகற்றவே அந்தத் தொகை போதவில்லை என்பது தனிக்கதை. வருத்தம் என்னவென்றால், தென்னை வளர்ச்சி வாரியத்தின் காப்பீட்டுத் திட்டம் ஒன்று அப்போதே இருந்தது. 4 முதல் 15 வயது வரையுள்ள மரத்துக்கு ஆண்டுக் கட்டணம் 9 ரூபாய், அதற்கு மேல் 60 வயது வரை 14 ரூபாய். அதிலும் பாதியை வாரியமும் கால் பகுதியை மாநில அரசும் கட்டின. விவசாயி கட்ட வேண்டியிருந்தது மரத்துக்கு 2 ரூபாய் 25 காசு அல்லது 3 ரூபாய் 50 காசு. காப்பீட்டுத் தொகை 900 அல்லது 1,750 ரூபாய். ஓர் இளநீர் விலையில் பத்து மரம். என் தெருவில் ஒருவர்கூடக் கட்டியிருக்கவில்லை, நான் உட்பட. அப்படி ஒன்று இருப்பதே மரமெல்லாம் விழுந்த பிறகுதான் தெரிந்தது. நெட்டை மரம் மறுபடி காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் என் பிள்ளை திருப்பூருக்குப் போய்விட்டான்.

இப்போதைய கட்டணத்தை வேளாண்மை அலுவலகத்தில் கேட்டு, உங்கள் மேலத்தெருத் தாளில் முதல் வரியாக எழுதுங்கள்.

---

வெளியூர்வாசி

என் வீடும் தோப்பும் பூட்டிக் கிடக்கின்றன. வீடு காங்கிரீட், தண்ணீர் ஏறாத இடம். டீச்சருக்குத் தேவைப்பட்டால் மேலத்தெருவுக்குத் தங்குமிடமாக எழுதிக்கொள்ளலாம். மாமாவிடம் சாவி இருக்கிறது.

---

அடப்பாற்றங்கரை

அனைவருக்கும் நன்றி. கிராமசபையில் வைத்துப் பேசிய பிறகு எழுதுகிறேன்.

படிவத்தை மூன்றாகப் படியெடுத்துவிட்டேன். மேலத்தெருத் தாளில் காற்று, மரம், காப்பீடு. வயல்தெருத் தாளில் வாய்க்கால், அடைப்புப் பலகை, அடங்கல். உப்பளத்தெருத் தாளில் கடல், வெளியேறும் நேரம், சாவி. ஒரே படிவம்தான் பெறுவோம் என்று முதலில் திருப்பி அனுப்பினார்கள். முதல் படிவத்தில் புயலுக்கு "அதிகம்" என்று டிக் அடித்து, மூன்றையும் இணைப்பாகத் தைத்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலத்தின் 1070 ஆகிய எண்களைத் தொட்டிச் சுவரில் பெயிண்டால் எழுதிவிட்டோம். எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் எட்டு, ஒன்பது, பத்தை மறுபடியும் படம் வரைந்து விளக்கினேன்.

வாய்க்கால் நடைக்குப் போனபோது இரண்டு குமிழிகள் மூடிக் கிடந்தன. ஒன்றின் மேல் யாரோ மாட்டுக் கொட்டகையே கட்டியிருக்கிறார். அவர் வார்டு உறுப்பினரின் உறவினர் என்பதால் அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை. மோட்டார் ஏழரைக் குதிரைத்திறன், மும்முனை. அதற்கான ஜெனரேட்டர் தலைஞாயிற்றில் ஒருவரிடம் இருக்கிறது. புயல் அறிவிப்பு வந்தால் முதல் ஆளாக முன்பணம் கட்ட வேண்டும் என்கிறார்.

தங்குமிடத்துக்கு மூன்று சாவிகள் செய்தாயிற்று. ஒன்று ஊராட்சிச் செயலரிடம், ஒன்று என்னிடம். மூன்றாவதை உப்பளத்தெருவில் யாரிடம் கொடுப்பது என்று கேட்டபோது, அன்று தாழ்வாரத்தில் நின்ற அந்தக் கர்ப்பிணி கையை உயர்த்தினார். இப்போது அவருடைய மகள் என் பள்ளியில் படிக்கிறாள்.